அத்தான் கண்டுபிடித்த ஏற்பி

என் அக்காவின் கணவர் சர்க்கரை வியாதியில் ஆராய்ச்சி செய்தவர். இதை நீங்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும், மூன்றாவது நிமிடம் அவரே ஆரம்பித்துவிடுவார். பல் டாக்டர் வாய்க்குள் கண்ணாடியை விட்டிருந்தபோதுகூடச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். செல் என்பது ஒரு வீடு. இன்சுலின் தபால்காரர். வாசலில் அழைப்புமணி இருக்கிறது, அதற்குப் பெயர்தான் ஏற்பி. தபால்காரர் மணியை அழுத்தினால் வீட்டுக்காரர் கதவைத் திறந்து தெருவில் நிற்கும் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்வார். மணி கெட்டுப்போனால் சர்க்கரை தெருவிலேயே, அதாவது ரத்தத்திலேயே, கிடக்கும்.

இந்தக் கதையை என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். என் மாமனார் செத்த வீட்டிலும் சொன்னார். இரண்டு இடத்திலும் முடிவு ஒன்றுதான். "எல்லாருக்கும் முன்வாசல் மணிதான் தெரியும். பின்வாசல்ல இன்னொரு மணி இருக்குன்னு கண்டுபிடிச்சது நான்."

ஆய்வகத்தில் அவருக்குப் 'பின்வாசல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் எல்லோருக்கும் அவர் 'சார்'. எனக்கு அங்கே சார், வீட்டில் அத்தான். ஒரு தடவை வாய் தவறி நாலு பேர் முன்னால் அத்தான் என்று கூப்பிட்டுவிட்டேன். அதற்கு ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் அங்கே நுழைந்ததும் ஒரு பின்வாசல் வழியாகத்தான். வேதியியல் படித்து முடித்து இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். அக்கா அவரை விடாமல் நச்சரித்தாள். "என் தங்கச்சிக்கு நிதானமான கை. ஒரு சொட்டு சிந்த மாட்டா. நீங்களே வச்சுப் பாருங்க." அவருக்கும் அது தோதாகத்தான் இருந்தது. சொந்தக்காரப் பெண் எதிர்த்துப் பேச மாட்டாள், ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன் என்று நிற்க மாட்டாள். தற்காலிக உதவியாளர் என்று ஒரு தாள் கொடுத்தார்கள்.

வேலை இதுதான். காலையில் எலி அறைக்குப் போய் அன்றைக்கான எலிகளை வாங்கி வர வேண்டும். அவற்றின் கொழுப்பை வெட்டியெடுத்து, நொதி கலந்த நீரில் போட்டு, வெதுவெதுப்பான தொட்டியில் ஆட்ட வேண்டும். கொழுப்பு கரைந்து செல்கள் தனித்தனியாகப் பிரிந்து, பாலின் மேல் ஆடை மாதிரி மிதக்கும். அவற்றைச் சின்ன டியூபுகளில் பிரித்து, கதிரியக்கம் ஏற்றிய இன்சுலினைக் கலந்து வைத்து, பிறகு வட்டமான வடிதாளில் வடிகட்ட வேண்டும். செல் தாளில் தங்கும். செல்லோடு ஒட்டிய இன்சுலினும் தங்கும். மற்றது கீழே போய்விடும். தாளை எண்ணும் மெஷினில் வைத்தால் எவ்வளவு இன்சுலின் ஒட்டியது என்று எண் வரும். ஒரு நாளைக்கு எண்பது டியூப். பத்தொன்பது வருஷம்.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் அத்தான் அந்தப் பின்வாசல் மணியைக் கண்டுபிடித்தார். முன்வாசல் மணியை மூடிவிடும் மருந்து ஒன்று உண்டு. அதைப் போட்டால் இன்சுலின் ஒட்டவே கூடாது. ஆனால் எங்கள் டியூபுகளில் நூற்றுக்குப் பதினொரு பங்கு ஒட்டியபடியே இருந்தது. கழுவிப் பார்த்தோம். மருந்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தோம். பதினொன்று அசையவில்லை. அத்தான் மேஜையைத் தட்டினார். "இன்னொரு ஏற்பி!" அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் பரிசு வாங்கிய மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி இருந்தது.

பெரிய பத்திரிகையில் கட்டுரை வந்தது. இயக்குநர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். தனி அறை வந்தது, அறைக்குக் குளிர்சாதனம் வந்தது, அதன் பிறகு அத்தானுக்கு டியூப் பக்கம் வர நேரமில்லாமல் போனது. அவர் கடைசியாகச் சோதனைக் குழாயைக் கையால் தொட்டது எப்போது என்று கேட்டால் எனக்கு நாள் தெரியும். புகைப்படக்காரர் வந்த நாள். கழுவாத டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நிற்பார் அந்தப் படத்தில். உள்ளே இருந்தது சோப்புத் தண்ணீர்.

அதற்கு ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு மாணவி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். இருபத்தைந்து வயது. கேட்ட கேள்வியையே நான்கு விதமாகத் திருப்பிக் கேட்கிற பெண். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அந்த இரண்டாம் ஏற்பியைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்து, இதோ இதுதான் என்று காட்டுவதுதான் அவளுக்கு அத்தான் கொடுத்த வேலை. "எடுத்துக் குடு, உன் பேர் புத்தகத்துல வரும்" என்றார். அவள் நம்பினாள். நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

அவள் சேர்ந்த ஏழாவது மாதம் எனக்குக் கடுமையான சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எண்பது டியூப் போட்டதில் கடைசி ஆறு டியூபுக்குச் செல் ஊற்ற மறந்துவிட்டேன். வெறும் உப்புத் தண்ணீரும் இன்சுலினும்தான் இருந்தன. வடிகட்டி மெஷினில் வைத்த பிறகுதான் செல் கலயத்தில் மிச்சம் இருப்பதைப் பார்த்தேன். தாளை எடுத்து எறியப் போனேன். அதற்குள் மெஷின் எண்ணை அச்சடித்துத் துப்பிவிட்டது.

பதினொன்று. ஆறு டியூபிலும் பதினொன்றை ஒட்டித்தான்.

மறுநாள் வேண்டுமென்றே பன்னிரண்டு டியூப் செல் இல்லாமல் போட்டேன். அதே பதினொன்று. செல்லே இல்லாத இடத்தில் செல்லின் ஏற்பி எங்கிருந்து வரும்? இன்சுலின் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். கண்டுபிடிப்பு நடந்த வருஷத்தில்தான் வடிதாளை வேறு வகைக்கு மாற்றியிருந்தோம். தாளில் தானாக ஒட்டும் பங்கு என்று, பழைய தாளில் செல் இல்லாமல் வைத்துப் பார்த்த எண்ணையே அத்தான் அத்தனை வருஷமும் கழித்துக்கொண்டிருந்தார். புதுத் தாளில் ஒரு தடவை வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. முதல் வருஷ மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். ஆப்பிள் நறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தைப் பார்த்தார். திருப்பினார். மறுபடி பார்த்தார். தாளில் ஒட்டுகிறது என்று நான் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது அவர் காதுமடல் சிவந்ததிலேயே தெரிந்துவிட்டது.

"செல் இல்லாம டியூப் போடச் சொன்னது யாரு?" என்றார்.

"யாரும் சொல்லல சார். மறந்துட்டேன்."

"மறுநாளும் மறந்துட்டியா?"

நான் தட்டிலிருந்த ஆப்பிள் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"மெஷின் பழசு. சூடேறினா இப்படித்தான் கன்னாபின்னான்னு எண்ணும்" என்றார். குறிப்பேட்டை மூடி இழுப்பறையில் வைத்தார். எனக்குப் புதுக் குறிப்பேடு ஒன்று எடுத்துக் கொடுத்தார். பிறகு ஆப்பிளில் ஒரு துண்டை நீட்டினார். அதை நான் வாங்கித் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. எல்லோர் முன்னாலும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "உன் தங்கச்சிக்கு டியூப் கழுவி அலுத்துப் போச்சு போல. விஞ்ஞானி ஆகப் பாக்கறா." அக்கா சிரித்தாள். என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதமே என் வேலை நிரந்தரமானது. நான் கேட்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. தாள் தானாக வந்தது. அதில் அவர் கையெழுத்து இருந்தது. அவரைத் திட்டித் தீர்க்க எனக்கு ஆயிரம் வார்த்தை உண்டு. ஆனால் அந்தத் தாளை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், அக்காவுக்கு ஃபோன் செய்து நன்றி சொன்னேன். அதற்குத் திட்ட யாரைத் தேடுவது?

மாணவி இல்லாத பொருளைத் தேடிக்கொண்டிருந்தாள். செல்லை அரைத்தாள், சவ்வைப் பிரித்தாள், நீளநீளமான கண்ணாடிக் குழாய்களில் வடித்தாள். முன்வாசல் ஏற்பி ஒழுங்காக வந்து விழும். இரண்டாவது வராது. அவள் நம்பியது எல்லாம் தன் கையைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று. கடைசி நாள் வரை அத்தானும் அதையே சொன்னார். "உனக்குக் கை சரியில்லம்மா. சில பேருக்கு வராது. ஆசிரியர் வேலை பாரேன்." மூன்றாம் வருஷம் அவள் நகம் கடிக்க ஆரம்பித்தாள். நாலாம் வருஷம் மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காருவதை விட்டாள். ஒருநாள் கழுவுமிடத்தில் என்னிடம் கேட்டாள், "அக்கா, நீங்க எத்தனை வருஷமா டியூப் போடறீங்க, உங்களுக்கு மட்டும் எப்படி அது தெரியுது? எனக்கு ஏன் வரமாட்டேங்குது?"

"வரும், பொறு" என்றேன். இதைத்தான் சொன்னேன். வேறு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

ஆறு வருஷம் முடிந்து பட்டம் வாங்காமல் போனாள். போகும்போது தன் கண்ணாடிக் குழாய்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அத்தான் அவள் மேஜையை அன்றைக்கே வேறு ஆளுக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓடியது. ஒரு காலையில் வெளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேறொரு ஆய்வகம். மிக மரியாதையான கடிதம். உங்கள் முறைப்படியே செய்தோம், இரண்டாம் ஏற்பி எங்களுக்குத் தென்படவில்லை, நீங்கள் எந்த வகை வடிதாள் பயன்படுத்தினீர்கள் என்று தெரிவிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அத்தான் கடிதத்தை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு தடவை திரும்பினார். முகம் சாம்பலாகிவிட்டது. அந்த ஒரு நிமிடம் எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

ஏனென்றால் அடுத்து அவர் செய்ததை ஒரு பூனைகூடச் செய்திருக்காது. பூனைக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும். இழுப்பறையிலிருந்து என் பழைய குறிப்பேட்டை எடுத்தார். ஆறு டியூபும் பன்னிரண்டு டியூபும் சேர்த்துப் பதினெட்டு. மேலும் கொஞ்சம் போடச் சொல்லி என்னையே அனுப்பினார். நானே போட்டுக் கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை, தெரிந்தே கேட்கவில்லை. மூன்று மாதத்தில் கட்டுரை வந்துவிட்டது. 'வடிதாளில் இன்சுலின் ஒட்டுதல்: ஓர் எச்சரிக்கை.' எழுதியவர் ஒருவர்தான். தன் சொந்தக் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகித்து, தானே மறுபரிசோதனை செய்து, தவறை உலகத்துக்கு அறிவிக்கும் துணிச்சல் என்று முதல் பாராவிலேயே தன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

உலகமும் தட்டியது! கண்டுபிடித்தபோது கிடைத்த கைதட்டலைவிட, இல்லை என்று சொன்னதற்கு அதிகம் கிடைத்தது. நேர்மைக்கு ஒரு விருது கொடுத்தார்கள். ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சியில் நேர்மை என்று பேசினார். தபால்காரர் கதைக்குப் புது முடிவு வந்துவிட்டது. "பின்வாசல்ல மணி இருக்குன்னு சொன்னதும் நான். இல்லைன்னு சொன்னதும் நான்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார், கைதட்டலுக்கு.

அந்தக் கட்டுரை வந்த இரண்டாம் மாதம் எனக்கு ஃபோன் வந்தது. அந்த மாணவி. ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாளாம். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"படிச்சேன். அவர் பத்து வருஷமா டியூபைத் தொட்டதில்ல. செல் இல்லாம போட்டது யாரு?"

"நான்."

"எப்ப? இந்த வருஷமா?"

பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "நீ சேர்ந்த ஏழாவது மாசம்" என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷினை அவள் நிறுத்தியது கேட்டது.

"அப்ப அஞ்சரை வருஷம்" என்றாள். "கழுவுற இடத்துல நான் உங்ககிட்ட கேட்டேனே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவர் எப்படின்னு எனக்கு முதல் வருஷமே தெரியும். அவரைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களை நான் அக்கான்னு கூப்பிட்டேன்."

மன்னித்துக்கொள் என்றேன். அதைக் காதில் வாங்காத மாதிரி அவள் அடுத்த விஷயத்துக்குப் போனாள். "நடந்ததைத் தேதியோட எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்ப முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

எழுதினேன். இரண்டு பக்கம். ஆப்பிள் துண்டைத் தவிர எல்லாவற்றையும் எழுதினேன். அவளுக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று. பத்திரிகை மூன்று வரியில் பதில் போட்டது, இது நிறுவனத்தின் உள்விவகாரம் என்று. நிறுவனம் மூன்று பேர் கொண்ட குழு அமைத்தது. குழு என்னை நாற்பது நிமிடம் விசாரித்தது. அதில் பாதி நேரம் டீ எப்போது வரும் என்று கதவைப் பார்த்தார்கள். பேராசிரியர் ஓய்வுபெறும் தறுவாயில் இருப்பதால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக் கோப்பைக் கட்டினார்கள். அத்தானுக்கு மாலை மரியாதையோடு வழியனுப்பு விழா நடந்தது.

ஆனால் அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. என் இரண்டு பக்கத்தையும் தன் ஆறு வருஷக் குறிப்பேடுகளையும் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினாள். ஏற்பி கிடைக்கவில்லை என்பது கை சரியில்லாததால் அல்ல, அது இல்லாததால்தான். அதைத்தான் தன் ஆறு வருஷ வேலை காட்டுகிறது, இதையே ஆய்வேடாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வாதாடினாள். ஒன்றரை வருஷம் இழுத்தடித்து ஏற்றுக்கொண்டார்கள். முப்பத்தெட்டு வயதில் பட்டம் வாங்கினாள். வாய்மொழித் தேர்வு அன்று யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். என்னை அவள் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. நன்றியுரைப் பக்கத்தில் எலி அறைக்காரர் பேர்கூட இருந்ததாம். என் பேர் இல்லை. சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

நான் கடிதம் எழுதியது தெரிந்த மறுநாள் அத்தான் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உனக்கு வேலை வாங்கிக் குடுத்தவன் நான்."

"ஆமா அத்தான். நான் செஞ்ச வேலையை வாங்கிக்கிட்டவரும் நீங்கதான்."

"குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்ட."

"பதினெட்டு டியூபும் நான் போட்டது. அதுல உங்க டியூப் எதுன்னு சொல்லுங்க, இப்பவே மன்னிப்புக் கடிதம் எழுதித் தரேன்."

அவ்வளவு பேச்சுக்காரருக்கு அன்றைக்குத் தபால்காரர் கைகொடுக்கவில்லை. செருப்பை மாட்டும்போது இடது வலது மாறிவிட்டது. அப்படியே போய்விட்டார்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எட்டு மாதம். நான் ஃபோன் செய்தால் எடுக்க மாட்டாள். வழியில் பார்த்தால் எதிர்க்கடைக்குள் நுழைந்துவிடுவாள், அது டயர் கடையாக இருந்தாலும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளே கூப்பிட்டாள். எதுவும் நடக்காத மாதிரி பேசினாள்.

"உனக்கு இன்னிக்கு வேலை இருக்கா? டாக்டர்கிட்ட போகணும். கால்ல ஒரு புண்ணு, ஆற மாட்டேங்குது."

"என்ன புண்ணு?"

"எனக்குச் சர்க்கரை இருக்குடி. ஒம்பது வருஷமா."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"தெரியும். வெளிய சொல்ல வேணாம்னு சொல்லிட்டார். சர்க்கரை ஆராய்ச்சி பண்றவன் வீட்லயே சர்க்கரையான்னு கேப்பாங்களாம். கடைத்தெருவுல ஒரு டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுட்டு இருந்தேன். அவரும் போன வருஷம் கடையைக் கட்டிட்டார்."

ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய விரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். டாக்டர் சின்னப் பெண். திட்டாமல் பார்த்தாள். விரல் தப்பித்துவிடும், ஆனால் இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றாள். இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தாள். எப்படிப் போட்டுக்கொள்வது, காலை எப்படிக் கழுவித் துடைப்பது என்றெல்லாம் காட்டினாள். கடைசியாகப் பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள், "வீட்ல சர்க்கரையைப் பத்தி விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாம்மா?"

அக்கா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "யாரும் இல்ல டாக்டர்" என்றாள்.

வெளியே வந்ததும் அவளுக்கு மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்பு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனோம். மூன்றாவது ஜோடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் ஃபோன் அடித்தது. அத்தான். மணி ஒன்றரை ஆகிறது, சாப்பாடு எங்கே என்று அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"ரொட்டி இருக்கு, எடுத்துப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பையில் போட்டாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "இதுலயே ஒரு அளவு பெருசு காட்டுங்க" என்றாள்.